செல்ப் எடுக்காத டிராக்டர்: மோட்டாரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

‘ஏனுங்க, வண்டி செல்ப் எடுக்க மாட்டேங்குதுங்க’ என்று தோப்பிலிருந்து காலை 6 மணிக்கு அழைப்பு வந்தால், சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ப் மோட்டார் சம்பந்தப்பட்ட கோளாறுகளில் பெரும்பகுதியைக் காதாலேயே பிரித்துவிடலாம். நம் பக்கத்தில் நடப்பதோ தலைகீழ். வண்டி எடுக்கவில்லை என்றதும் இரண்டு போல்ட்டைக் கழற்றி, மோட்டாரை உரச் சாக்கில் சுருட்டி, மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பிவிடுகிறோம். கடைக்காரர் அதைத் தரையில் வைத்து நல்ல பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கிறார். அது சீறிக்கொண்டு சுற்றுகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பனையும் அதன் தண்டைத் தாங்கும் புஷ்ஷையும் மாற்றித் தருகிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் வண்டி பழையபடியே நிற்கிறது. கோளாறு மோட்டாருக்குள் இல்லாமல், மோட்டாருக்குப் போகும் வழியில் இருந்தால் இப்படித்தான் முடியும்.

எனவே பேட்டரியில் தொடங்கி, மின்சாரம் போகும் வழியிலேயே நாமும் போய், மோட்டாரைக் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் 25 அடிக்கு ஒரு மரம் என்ற இடைவெளிக்குள் திரும்புவதற்காக வாங்கப்படும் சிறு டீசல் டிராக்டரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். 12 வோல்ட் பேட்டரி உள்ள பெரிய டிராக்டருக்கும் இதே வரிசை பொருந்தும். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டிக்குச் சில தனிக் குணங்கள் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

சத்தத்தைக் கேட்டல்

எந்தச் சத்தமும் இல்லையென்றால் மின்சாரம் சொலினாய்டையே (சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்தச் சுவிட்சு) எட்டவில்லை என்று கொள்ளலாம். பேட்டரி முற்றிலும் இறங்கியிருக்கும், அல்லது பியூஸ், சாவிச் சுவிட்சு, கிளட்ச் சுவிட்சு ஆகியவற்றுள் ஒன்று வழிமறித்திருக்கும். ‘டக்’ என்று ஒரே ஒரு தட்டு கேட்டு அடங்கினால், சொலினாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் சேரவில்லை, அல்லது மோட்டாரோ இன்ஜினோ இறுகிப்போயிருக்கிறது என்று பொருள். ‘கடகடகட’ என்று விடாமல் துடித்தால் பேட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். சொலினாய்டு இழுத்தவுடன் மோட்டார் கேட்கும் பெரும் மின்சாரத்தால் வோல்ட் சரிகிறது; சரிந்தவுடன் சொலினாய்டு பிடியை விடுகிறது; விட்டதும் வோல்ட் ஏறி மறுபடியும் இழுக்கிறது. அந்தப் போராட்டத்தின் சத்தம்தான் அது. மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று வீணாகச் சுற்றி இன்ஜின் அசையாமல் இருந்தால், மோட்டார் தண்டில் முன்னே நகர்ந்து இன்ஜினோடு பல் சேரும் பெண்டிக்ஸ் வழுக்குகிறது. இரும்பை இரும்பு கடிக்கும் கரகரப்பு கேட்டால், இன்ஜின் பக்கத்தில் பெண்டிக்ஸ் பல் சேரும் பெரிய பல்வளையமான ரிங் கியரின் பற்களைப் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாக வேகமாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் அது செல்ப் கோளாறே அல்ல. டீசல் வரவில்லை, அல்லது டீசலை அடைத்து இன்ஜினை நிறுத்தும் குமிழை இழுத்தபடியே விட்டுவிட்டோம். சிரிக்க வேண்டாம், இந்தக் குமிழுக்காக மெக்கானிக்கை 12 கிலோமீட்டர் வரவழைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சத்தத்தோடு முகப்பு விளக்கையும் சாட்சிக்கு அழைத்துக்கொள்ளலாம். விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பும்போது வெளிச்சம் அடியோடு அணைந்தால் பேட்டரி முனையில் இணைப்பு சரியில்லை, அல்லது பேட்டரி தீர்ந்துவிட்டது. மிகவும் மங்கினால், பேட்டரி பலவீனமாக இருக்கிறது அல்லது இறுகிய மோட்டார் மின்சாரத்தை விழுங்குகிறது. வெளிச்சம் துளியும் மாறாவிட்டால், பெரும் மின்சாரம் மோட்டாரின் பக்கமே போகவில்லை. இந்த மூன்றில் எது என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பின்னால் அலைச்சல் குறையும்.

கை வைக்கும் முன்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) நெம்புகோலை விடுவித்து, கைபிரேக்கை இழுத்து, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுக்க வேண்டும். சோதனைக்காகச் சுற்றவிடும்போதெல்லாம் நிறுத்தும் குமிழை இழுத்தே வைத்திருக்க வேண்டும். கையில் வெள்ளிக் காப்போ மோதிரமோ இருந்தால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேனருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே அது மாட்டினால், கழற்ற நேரம் கிடைக்கும் முன் சிவக்கக் காய்ந்துவிடும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருவதால் அருகில் பீடி கூடாது. கேபிளைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

ஒன்றைச் சற்று நின்று சொல்ல வேண்டும். செல்ப் எடுக்காத வண்டியின் பக்கவாட்டில் நின்றுகொண்டு, நீளத் திருப்புளியால் சொலினாய்டின் இரண்டு முனைகளை இணைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. அந்தத் திருப்புளி சாவியை மட்டுமல்லாமல் கிளட்ச் சுவிட்சையும் கியர் காவல் சுவிட்சையும் சேர்த்தே தாண்டிவிடுகிறது. நிறுத்தும் குமிழ் உள்ளே இருந்தால், சாதாரண டீசல் பம்பு உள்ள இன்ஜின், சாவி போட்டிருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் பற்றிக்கொள்ளும். வண்டி கியரில் இருந்தால் அடுத்த நொடியில் நகரும். அப்போது ஆள் நிற்பது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில். உலகம் முழுவதும் டிராக்டரில் அடிபடுபவர்களுள் ஒரு பகுதியினர் சொந்த வண்டியாலேயே இப்படி அடிபடுகிறார்கள். சொலினாய்டைச் சோதிக்க வேறு வழி உண்டு. அதைக் கீழே தருகிறேன்.

பேட்டரி

நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது குளிர் அல்ல, வெயில். சித்திரை, வைகாசியில் இன்ஜின் சூட்டோடு வெளிச்சூடும் சேர்ந்து பேட்டரித் தண்ணீரை வற்றவைக்கிறது; தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றினால் அந்தப் பகுதி மறுபடி உயிர்பெறாது. வற்றியதை டிஸ்டில்டு வாட்டரால் மட்டுமே நிரப்ப வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு தகட்டில் படிந்து, சில மாதங்களில் பேட்டரி படுத்துவிடும். குடிக்கும் கேன் தண்ணீரும் வேண்டாம்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் அளந்தால் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி முழுதாக இருக்கிறது, 12.4 என்றால் முக்கால்வாசி, 12.0 என்றால் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. 10.5 பக்கம் நின்றால் ஆறு அறைகளுள் ஒன்று செத்துவிட்டது என்று நினைக்கலாம், ஏனெனில் ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட் தருகிறது. பேட்டரி அமிலத்தை அளக்கும் அடர்த்திமானி இருந்தால் ஒவ்வோர் அறையையும் தனித்தனியே அளந்து பாருங்கள். எல்லா அறைகளும் 1.250-ஐ ஒட்டி இருக்க, ஓர் அறை மட்டும் 0.050-க்கு மேல் தாழ்ந்திருந்தால், எத்தனை முறை சார்ஜ் போட்டாலும் அந்தப் பேட்டரி உங்களைத் தோப்பில் நிறுத்தும்.

ஓய்வில் இருக்கும் வோல்ட் மட்டும் போதாது. நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உதவிக்கு ஒருவரை வைத்துச் சாவியை ஐந்து நொடி திருப்பச் சொல்லி, அந்த நேரத்தில் பேட்டரி முனைகளிலேயே அளக்க வேண்டும். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது, 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலமிழந்திருக்கிறது, அல்லது மோட்டார் அளவுக்கு மேல் இழுக்கிறது. வேறொரு நல்ல பேட்டரியை வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். வண்டி ஓடும்போது நடுத்தர வேகத்தில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்யவில்லை, புதுப் பேட்டரியும் ஒரு வாரத்தில் படுக்கும்.

பாட்டுப் பெட்டியையும் நான்கைந்து எல்.இ.டி. விளக்குகளையும் நேரடியாகப் பேட்டரியில் மாட்டி வைத்திருக்கும் வண்டிகளுக்குத் தனி வியாதி உண்டு. சாவியை எடுத்த பிறகும் அவற்றுள் ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாவி அணைந்த நிலையில் மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து நடுவே இணைத்தால் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டக்கூடாது. மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது யாரும் சாவியைத் தொடக்கூடாது. தொட்டால் மீட்டர் போய்விடும்.

முனைகளும் எர்த்தும்

இந்த இடத்தில்தான் நான் பணத்தை இழந்து பாடம் கற்றேன். ஆயுத பூஜைக்காக எங்கள் வண்டிக்கு இன்ஜின் முதல் சேசிஸ் வரை பெயிண்ட் அடித்தோம். அடித்தவர், பேட்டரி மைனஸை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் பட்டை தடையாக இருந்ததால் அதைக் கழற்றிவிட்டு, பெயிண்ட் காய்ந்ததும் பெயிண்டின் மேலேயே முடுக்கிவிட்டார். பூஜையன்று எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வண்டியை எடுத்தபோதே செல்ப் சற்றுச் சோம்பலாகத்தான் சுற்றியது. ஒரு வாரத்தில் ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. மோட்டாரை டவுனுக்குக் கொண்டுபோனேன். கார்பன், புஷ் எல்லாம் மாற்றினார்கள். வந்து மாட்டினால் அதே ‘டக்’. கடைசியில் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்திலும், மறு முனையை செல்ப் மோட்டாரின் உடலிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 3.1 வோல்ட் காட்டியது. பட்டையைக் கழற்றி, அடியில் இருந்த பெயிண்டை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து முடுக்கினேன். வேலை கால் மணி நேரம். செலவு உப்புத்தாள் விலை.

இதன் கணக்கு எளியது. செல்ப் மோட்டார் இன்ஜினைச் சுற்றும்போது 200 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். வழியில் ஓர் இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் போதும், அங்கேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். அந்த இடத்தில் 400 வாட் வெறும் சூடாக மாறும். அதனால்தான் சில நொடிகள் சுற்றவிட்டபின் கேபிளின் முனைகளைக் கையால் தொட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. எது சுடுகிறதோ அதுதான் குற்றவாளி. விளக்கும் ஹார்னும் இழுப்பது சில ஆம்பியர்தான் என்பதால் அவை இதே இணைப்பின் வழியாக நன்றாகவே வேலை செய்யும். ‘ஹார்ன் நல்லா அடிக்குதுங்களே, பேட்டரிப் பக்கம் குறை இல்லீங்’ என்ற பேச்சு பலரை ஏமாற்றுவது இப்படித்தான்.

இதே சோதனையை பிளஸ் பக்கத்திலும் செய்யலாம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ் கம்பத்தின் ஈயத்திலேயே வையுங்கள், கேபிள் கவ்வியில் அல்ல. மறு முனையை மோட்டாருக்குள் நுழையும் தாமிரத் திருகில் வையுங்கள். சுற்றும்போது பிளஸ் பக்கம் 0.5 வோல்ட்டுக்கு மேலும், எர்த் பக்கம் 0.3 வோல்ட்டுக்கு மேலும் இழப்பு இருக்கக்கூடாது. மிகுந்தால், மீட்டர் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தி, எந்த இடத்தில் எண் திடீரென்று குறைகிறது என்று பார்த்தால் அங்கே கோளாறு கையில் கிடைக்கும்.

பூத்துப்போன பேட்டரி முனைகளில் வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் பச்சையும் வெள்ளையுமான பூப்பு நுரைத்துக் கரையும். மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடாத் தண்ணீர் அறைக்குள் போகக்கூடாது. துடைத்துக் காயவைத்து, ஈயக் கம்பத்தையும் கவ்வியின் உட்புறத்தையும் சுரண்டிப் பளபளப்பாக்கி, முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முடுக்குவதற்கு முன்னால் தடவுவதும், கிரீஸை அள்ளி அப்புவதும் தவறு. கேபிளின் உறைக்குள்ளேயே தாமிரம் பச்சை பிடித்து நொறுங்கியிருப்பதும் உண்டு; வளைத்துப் பார்க்கும்போது கரகரவென்று இருந்தால் கேபிளையே மாற்றிவிடுவது நல்லது. பழைய கேபிளைவிட மெல்லியதை வாங்கி மாட்டிச் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

சாவியிலிருந்து சொலினாய்டு வரை

சத்தமே வராத வண்டிக்கு இந்தப் பகுதி. சாவியிலிருந்து சொலினாய்டின் சிறிய முனைக்கு ஒரு மெல்லிய ஒயர் போகிறது. வழியில் பியூஸ், கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்சு, சில வண்டிகளில் பி.டி.ஓ. சுவிட்சும் ஒரு ரிலேயும் இருக்கும். சொலினாய்டின் சிறிய முனையில் டெஸ்ட் லேம்பை வைத்து, கிளட்சை அடிவரை மிதித்துச் சாவியைத் திருப்பினால் விளக்கு பிரகாசமாக எரிய வேண்டும். எரிந்தும் சொலினாய்டு இழுக்கவில்லை என்றால் கோளாறு சொலினாய்டில். எரியவில்லை என்றால் ஒயர் வழியே பின்னோக்கிப் போக வேண்டும். மங்கலாக எரிந்தால் சாவிச் சுவிட்சின் உள்முனை தேய்ந்திருக்கும். பூஜைதோறும் சாவித் துளையின் மேல் சந்தனம் குழைத்து அப்புவதும் இதற்கு ஒரு காரணம் என்று சொன்னால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் உண்மை அதுதான். பொட்டு வைக்க பானெட்டில் எவ்வளவோ இடம் இருக்கிறது.

கிளட்ச் சுவிட்சு பெடலின் அடியில் சேறும் தூசியும் படும் இடத்தில் இருக்கிறது. மஞ்சி மில்லுக்கு ஓடும் வண்டிகளில் தேங்காய் நார்த் தூசு அதற்குள் அடைந்து, பெடலை மிதித்தாலும் சுவிட்சின் குமிழ் முழுதாக அழுந்தாது. அந்தச் சுவிட்சின் இரண்டு ஒயரையும் முறுக்கிவிட்டு ‘சரிபண்ணிவிட்டேன்’ என்று போகும் ஆட்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சோதனைக்காக ஒரு நிமிடம் இணைப்பது வேறு, அப்படியே விட்டுவிடுவது வேறு.

அறுவடை முடிந்து இரண்டு மூன்று மாதம் கொட்டகையில் நின்ற வண்டி என்றால் எலியை மறக்கக்கூடாது. பானெட்டுக்கு அடியில் நிலக்கடலைத் தோலோ வைக்கோல் கூடோ கண்ணில் பட்டால், ஒயர் கட்டு முழுவதையும் விரலால் தடவிப் பார்ப்பதே வேகமான வழி.

சொலினாய்டு

இதன் வேலை இரண்டு. பெண்டிக்ஸை முன்னே தள்ளி ரிங் கியரோடு பல் சேர்ப்பது ஒன்று. சேர்ந்தபின் உள்ளே இருக்கும் தாமிரத் தகட்டை இரண்டு பெரிய திருகுகளோடும் அழுத்தி மோட்டாருக்கு மின்சாரம் விடுவது மற்றொன்று. முதல் வேலை நடந்து இரண்டாவது நடக்காதபோதுதான் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. மீட்டரின் முனைகளை இரண்டு பெரிய திருகுகளிலும் வைத்தால், சாவியைத் திருப்பும் முன் 12 வோல்ட் பக்கம் காட்டும். சொலினாய்டு இழுத்தவுடன் அது 0.2-க்குக் கீழே இறங்க வேண்டும். 12-லேயே நின்றால் தாமிரத் தகடு கருகிவிட்டது. திருப்புளியை வைத்துத் தீப்பொறி பறக்கவிடாமலேயே அதே உண்மையை மீட்டர் சொல்லிவிடுகிறது.

பேட்டரி, முனைகள் எல்லாம் நன்றாக இருந்தும் ‘கடகட’ துடிப்பு நிற்கவில்லை என்றால், சொலினாய்டுக்குள் இருக்கும் இரண்டு சுருள்களில், இழுத்ததைப் பிடித்து வைக்கும் சுருள் அறுந்திருக்கும். சொலினாய்டையே மாற்ற வேண்டியதுதான். இதற்கு நேர்மாறாக, சாவியை விட்ட பிறகும் செல்ப் சுற்றிக்கொண்டே இருந்தால் தாமிரத் தகடு உருகி ஒட்டிக்கொண்டது. உடனே பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். வோல்ட் குறைந்த பேட்டரியோடு திரும்பத் திரும்ப முயல்வதால் வரும் வினை இது. ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் சாவியைப் பிடிக்கக்கூடாது. அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது விட வேண்டும்.

மோட்டார்

வழி முழுவதும் சரி, மோட்டார் திருகில் சுற்றும்போது 10 வோல்ட் வருகிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் இப்போது கழற்றலாம். கழற்றும் முன் ஒருவர் சாவியைத் திருப்ப, மோட்டாரின் உடலைத் தேங்காய் மட்டையாலோ சுத்தியின் மரக் காம்பாலோ மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் சுற்றினால் கார்பன் தேய்ந்திருக்கிறது. தட்டிக்கொண்டே காலத்தை ஓட்ட நினைக்காதீர்கள். அது சில நாள்தான்.

பிரித்துப் பார்க்கையில் கார்பன் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரின் தாமிர வளையத்தில் கருமை படிந்திருந்தால் மிக நைசான உப்புத்தாளால் துடைக்கலாம்; எமரித் தாள் கூடாது, அதன் துகள் தகடுகளுக்கு நடுவே தங்கி ஷார்ட் ஆக்கிவிடும். ஆர்மேச்சரின் உடலில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று உரசிய தழும்பு இருந்தால் புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் தாழ்ந்து, சுற்றியுள்ள இரும்புத் துருவங்களை உரசுகிறது என்று அறியலாம். சுற்றும், ஆனால் சோர்ந்து சுற்றும் மோட்டாருக்கு இதுவே பெரும்பாலும் காரணம். பெண்டிக்ஸ் பல்லைக் கையால் திருப்பினால் ஒரு பக்கம் சுழன்று மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுழன்றால் மாற்றிவிடுங்கள். அதன் முறுக்குப் பாதையில் கெட்டி கிரீஸ் தடவாதீர்கள். ஆடிக்காற்றில் தாராபுரம், காங்கேயம் பக்கம் பறக்கும் புழுதி அதில் ஒட்டிச் சந்தனக் குழம்பாகி, பெண்டிக்ஸ் பாதி வழியில் நின்றுவிடும்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். கோவை வட்டாரத்தில் ஊருக்கு ஒரு காயில் கட்டும் கடை இருக்கிறது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. கிணற்று மோட்டார் காயில் கட்டுவதில் நம்மவர்களுக்கு இணை இல்லை. ஆனால் செல்ப் மோட்டாருக்குள் இருப்பது மெல்லிய கம்பிச் சுருள் அல்ல, தடித்த தாமிரப் பட்டை. அது ஓடுவதும் டி.சி.யில். ஆகையால் பம்புசெட் கடைக்கு அதைக் கொண்டுபோகாமல், வண்டிகளுக்கு மின்வேலை செய்பவரிடம் கொடுங்கள்.

ரிங் கியர்

சில நாள் எடுத்து, சில நாள் ‘கரக்’ என்று கடித்து நிற்கும் வண்டிகள் உண்டு. மூன்று சிலிண்டர் இன்ஜினை நிறுத்தும்போது பிஸ்டன் அழுத்தத்துக்கு எதிராக அது ஏறக்குறைய அதே மூன்று இடங்களில்தான் நிற்கும். அதனால் ரிங் கியரில் அந்த மூன்று இடங்களின் பற்களே மீண்டும் மீண்டும் அடிபட்டுத் தேய்கின்றன. நிறுத்தும் குமிழை இழுத்து, சாவியை எடுத்துவிட்டு, உயர்ந்த கியரில் போட்டு வண்டியைச் சற்றே தள்ளினால் இன்ஜின் சிறிது திரும்பும். பிறகு நியூட்ரலில் போட்டுச் சாவியைத் திருப்பும்போது நன்றாக எடுத்தால் நோய் ரிங் கியரில்தான். இதைச் சரிசெய்ய வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும் என்பதால் கிளட்ச் மாற்றும் நாள் வரை தள்ளிப்போட்டு, இரண்டையும் ஒன்றாகச் செய்வது கட்டுப்படியாகும்.

புல்வெட்டும் வண்டி என்றால்

கோவையைச் சுற்றியுள்ள கல்லூரி, ஆலை வளாகங்களில் ஓடும் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டிகளுக்கும் மேலே சொன்ன வரிசையே. பேட்டரி மட்டும் சிறியது. இவற்றில் காவல் சுவிட்சுகள் அதிகம்: இருக்கையில் ஒன்று, பிரேக்கில் ஒன்று, கத்தி இணைப்பில் ஒன்று. பிரேக்கை முழுதாக மிதிக்காமலோ கத்தி இணைந்த நிலையிலோ செல்ப் எடுக்காது. சத்தமில்லாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான். சொலினாய்டு பெரும்பாலும் மோட்டாரின் மேல் இல்லாமல் பேட்டரிக்கு அருகில் தனியாக இருக்கும். வேலை தொடங்கும் முன் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். அடியில் கத்தி இருக்கிறது.

இந்தப் பெட்ரோல் இன்ஜின்களுக்கே உரிய ஒரு மாயம் உண்டு. செல்ப் அரைச் சுற்று சுற்றி முட்டி நிற்கும்; எல்லோரும் பேட்டரியைக் குறைசொல்வார்கள். ஸ்டார்ட் ஆகும்போது வால்வைச் சிறிது திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு அவற்றில் இருக்கிறது. வால்வு இடைவெளி அளவுக்கு மேல் கூடிவிட்டால் அது வேலை செய்யாது, முழு அழுத்தத்தையும் சிறிய செல்ப் மோட்டாரால் தாண்ட முடியாது. வால்வு இடைவெளியைச் சரிசெய்தால் பழைய பேட்டரியே போதும். இன்னொன்று, கார்புரேட்டரின் ஊசி சரியாக அடைக்காமல் இரவெல்லாம் பெட்ரோல் கசிந்து சிலிண்டருக்குள் நிறைந்திருப்பது. ஆயில் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றி வெளியேற்றி, ஊசியையும் ஆயிலையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இரவல் பேட்டரியும் மறுபடி மாட்டுதலும்

அவசரத்துக்கு வேறு வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கும்போது அது 12 வோல்ட்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்துக் கனரக லாரிகளிலும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட் இருக்கும். அதை அப்படியே கொடுத்தால் சொலினாய்டும் விளக்கும் மீட்டரும் ஒரே நேரத்தில் போகும். வெல்டிங் செட்டை இணைப்பது இன்னும் மோசம். பிளஸ்ஸோடு பிளஸ்ஸை முதலில் இணைத்து, கடைசி மைனஸ் கவ்வியைப் பேட்டரியில் அல்லாமல் தள்ளி இன்ஜின் இரும்பில் கவ்வுங்கள். பொறி பறந்தாலும் அது பேட்டரி வாயுவின் அருகில் பறக்காது.

கழற்றிய மோட்டாரை மறுபடி மாட்டும்போது, அது உட்காரும் முகத்தையும் இன்ஜின் முகத்தையும் எண்ணெயும் பெயிண்டும் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். அந்த முகம்தான் அதற்கு எர்த். தாமிரத் திருகின் மேல் நட்டை முடுக்கும்போது கீழ் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் திருகு உள்ளேயே திரும்பிச் சுருளை அறுத்துவிடும். எல்லாம் மாட்டியபின் நிறுத்தும் குமிழை இழுத்து ஐந்து நொடி சுற்றவிட்டு, பேட்டரியில் எத்தனை வோல்ட் நிற்கிறது, எர்த்தில் எத்தனை இழப்பு என்று அளந்து, அந்த இரண்டு எண்ணையும் தேதியோடு கருவிப்பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி வைக்கலாம். எங்கள் வண்டியில் இப்போது இருப்பது 10.6, 0.1. அடுத்த முறை தோப்பிலிருந்து அழைப்பு வரும்போது அந்த எண்களோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.